நான்காவது லேபல்

வெள்ளவத்தை,
11 மார்ச் 1996

புவாத்,

நீங்கள் மெல்பேர்ணிலிருந்து அனுப்பிய ஃபெக்ஸை முதலாளி றேமண்ட் இன்று காலை கந்தோரில் எல்லோருக்கும் முன்னால் நின்று வாசித்தார். "மக்ரோ வசதி தயார். ஜூன் பதிப்பில் அதை நிலையானது என்று அறிவிக்கலாம்." கீழே உங்கள் கையெழுத்து. பெடியன்கள் கைதட்டினார்கள். நான் எழும்பிப் பின் படிக்கட்டுக்குப் போய், கீழே சேலைக்கடைக்காரன் கொட்டி வைத்திருந்த குப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே நடந்ததைவிட அது பரவாயில்லை என்று பட்டது.

இதைக் கையால் எழுதுவதற்குக் காரணம், கந்தோரின் ஈமெயிலை றேமண்ட் திறந்து வாசிக்கிறார். அவர் வாசிக்கக் கூடாத எதுவும் இதில் இல்லை. ஆனாலும் என் சொற்களில் அந்த ஆளின் கண் படுவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

லகூனை உருவாக்கியது நீங்களும் நானும். பம்பலப்பிட்டியில் அந்த மேல்மாடி அறையில் குந்தியிருந்து, ஒரு கணினி மொழியையும், அதில் எழுதுவதைக் கணினிக்கு விளங்க மாற்றிக் கொடுக்கிற கொம்பைலரையும் ஒன்றுமில்லாததிலிருந்து கட்டினோம். போன வருஷம் நீங்கள், அதை அவுஸ்திரேலியாவில் விற்கப்போகிற கொம்பனிக்கே வேலைக்குப் போனீர்கள். போனதில் எனக்குக் குறை இல்லை. மறந்ததில்தான் குறை. ஆகவே முதலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத் திருப்பிச் சொல்கிறேன்.

மக்ரோ ஒரு சுருக்கெழுத்து. நிரல் எழுதுபவர் ஒரு சொல்லை எழுதினால், கொம்பைலர் அந்த இடத்தில் பத்து வரிகளைத் தானே விரித்துப் போடும். அந்தப் பத்து வரிக்குள்ளே நாங்கள், எத்தனை தரம் செய்தாயிற்று என்று எண்ணுவதற்காக, 'கவுண்ட்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். நிரல் எழுதுபவரும் தன்னுடைய வேறு ஏதோ ஓர் எண்ணுக்கு 'கவுண்ட்' என்று பெயர் வைத்திருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அவருடைய எண்ணை எங்களுடைய எண் அழித்துவிடும். கொம்பைலர் வாய் திறக்காது. பிழையான விடையைத் துப்புரவாக அச்சடித்துக் கொடுக்கும்.

இதை ஜனவரியிலேயே உங்களுக்கு எழுதினேன். றேமண்டிடமும் சொன்னேன். "ஜெகா, கையேட்டில ஒரு வரி போட்டா முடிஞ்சுது, இன்ன இன்ன பெயர் பாவிக்க வேண்டாம் எண்டு," என்றார். நிலையானது என்று ஒருமுறை அறிவித்தால், இனி மாற்ற மாட்டோம், நம்பி எழுதுங்கள் என்று ஊருக்கு வாக்குக் கொடுக்கிறோம். இந்த ஊத்தையை உள்ளே வைத்துக்கொண்டு கொடுக்கிறோம்.

எனக்கு மூன்று மாதம் வேண்டும். மக்ரோவை விரிக்கிற ஒவ்வொரு தரமும், உள்ளே இருக்கிற பெயர்களை, வேறு எவரும் வைக்க முடியாத புதுப் பெயர்களாகக் கொம்பைலரே மாற்ற வேண்டும். செய்யக்கூடிய வேலைதான். அந்த ஃபெக்ஸைத் திரும்பப் பெறுங்கள்.

ஜெகதீஸ்வரி


மெல்பேர்ண்,
29 மார்ச் 1996

அன்புள்ள ஜெகா,

நலமா என்று நீங்கள் ஒரு சொல் கேட்கவில்லை; நான் கேட்கிறேன். அம்மா நலமா? மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு உங்கள் பக்கம் ஓயாத சோதனை என்று தங்கச்சி ரபீக்கா எழுதியிருந்தாள். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் சந்திக் கடைக்குக்கூடப் போக வேண்டாம்.

இங்கே கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் நாங்கள் இவர்களைத் தோற்கடித்த பிறகு, கந்தோரில் ஒரு கிழமை எனக்கு ஒருவரும் கோப்பி ஊற்றித் தரவில்லை. சிரிப்பதற்காக எழுதினேன். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

மக்ரோவைப் பற்றி. நீங்கள் சொல்வது சரி. அதை நான் எப்போதும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் மூன்று மாதம் ஆறு மாதமாகும், பிறகு ஒரு வருஷமாகும். உங்களை எனக்குத் தெரியும். இவர்கள் ஜூனில் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் காட்டப் போகிறார்கள். மண்டபம்கூடப் பதிந்தாயிற்று. மக்ரோ இல்லையென்றால் லகூனை வாங்க எவருக்கும் காரணம் இல்லை, லகூன் இல்லையென்றால் என்னை இங்கே வைத்திருக்க இவர்களுக்குக் காரணம் இல்லை. என்னுடைய விசா இந்தக் கொம்பனியின் பெயரில் இருக்கிறது. மாளிகாவத்தைத் தொடர்மாடியில் உம்மாவும் ரபீக்காவும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வழி சொல்கிறேன். உள்ளே இருக்கும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று அடிக்கோடு போடுங்கள். சுயபுத்தி உள்ள எவன் தன் நிரலில் மூன்று அடிக்கோட்டோடு பெயர் வைப்பான்? ஒரு பின்னேர வேலை. அழகில்லைதான். ஆனால் போதும்.

எப்போதும் உங்கள் நண்பன்,
புவாத்


வெள்ளவத்தை,
20 ஏப்ரல் 1996

புவாத்,

அம்மா நலம். நானும் நலம். நீங்கள் நலமாக இருப்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

மூன்று அடிக்கோடு. கதவில்லாத கக்கூசின் வாசலில் ஊதுபத்தி கொளுத்தி வைக்கச் சொல்கிறீர்கள். ஒரு மக்ரோவுக்குள் அதே மக்ரோ இன்னொரு தரம் வந்தால் என்ன நடக்கும்? இரண்டிலும் அதே மூன்று அடிக்கோடு. திரும்பவும் அதே மோதல், இந்த முறை கண்டுபிடிக்க இன்னும் கஷ்டம். இது தெரியாத ஆள் இல்லை நீங்கள். தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் போடவில்லை. போடவும் மாட்டேன். சரியான வேலையைத் தொடங்கிவிட்டேன். கரண்ட் இருக்கிற நேரத்தில் செய்கிறேன். மழை இல்லையாம், நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டனவாம். இனி நாளில் பாதி நேரம் வெட்டுவார்கள் என்கிறார்கள்.

இன்னொன்று. சூசைதாசன் என்று ஒருவன், கொட்டாஞ்சேனை, நீங்கள் போன பிறகு நம்மிடம் லகூன் படிக்க வந்தவன். நுகேகொடைப் பக்கம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே கணினிப் பகுதி என்றால் அவன் ஒருவன்தான். றேமண்ட் அவனுக்கு மக்ரோ உள்ள பதிப்பை என்னிடம் கேட்காமலே கொடுத்துவிட்டார். அவன் போன கிழமை எனக்கு போன் எடுத்தான்.

"அக்கா, மருந்து லேபல் அடிக்கிற புரோகிராம் இருநூறு வரி இருந்தது, இருபது வரியாக் குறைஞ்சிட்டுது. ஆர் அக்கா இதைச் செய்தது?"

"நானும், புவாத் எண்டு ஒருத்தரும்," என்றேன்.

"அவருக்கும் சொல்லுங்கோ, நல்ல வேலை எண்டு."

இதோ, உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இது பரிசோதனைக்கு மட்டும், நோயாளிகளுக்குப் பாவிக்க வேண்டாம், நிலையான பதிப்பு வரும்வரை பொறு என்று சொன்னேன். "ஓம் அக்கா, பொறுக்கிறன்," என்றான். சொல்வழி கேட்கிற பிள்ளை.

ஜெகதீஸ்வரி


மெல்பேர்ண்,
18 ஜூன் 1996

ஜெகா,

நேற்று அறிவித்தோம். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். லகூனின் பெயரைப் போட்டு, கீழே 'நிலையானது' என்று சீனிப்பாகில் எழுதி, ஒரு பெரிய கேக் செய்து வைத்திருந்தார்கள். முதல் துண்டை என்னை வெட்டச் சொன்னார்கள். நான் பேசும்போது உங்கள் பெயரைச் சொன்னேன். இவர்களால் அதை உச்சரிக்க முடியவில்லை. ஆனாலும் சொன்னேன்.

றேமண்ட் அனுப்பிய டிஸ்கில் உங்கள் திருத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் முடிக்கவில்லை, அதனால் இல்லை. அடுத்த பதிப்பில் போடலாம். இடையில் ஒன்றும் நடக்காது. உலகத்தில் ஓடுகிற கொம்பைலர் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பிழை இருந்துகொண்டுதான் இருக்கிறது, சனம் செத்துப் போகவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை வாசித்துவிட்டு ஆறு கிழமை பதில் எழுதாமல் இருந்தேன், கோபத்தில் எழுதக் கூடாது என்று. இப்போதும் கோபம் போகவில்லை. நீங்கள் ஒருவர்தான் சுத்தம், மற்ற எல்லோரும் நாற்றம் என்று எழுதுகிறீர்கள். சுத்தமாக இருக்க வசதி வேண்டும் ஜெகா. உங்களுக்குப் போகப் போகிற விசா இல்லை, கலியாணத்துக்கு நிற்கிற தங்கச்சி இல்லை. கொம்பைலரோடு மட்டும் குடும்பம் நடத்துகிறீர்கள்.

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். வேறு ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

புவாத்


வெள்ளவத்தை,
17 ஆகஸ்ட் 1996

புவாத்,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். எழுதாமல்தான் இருந்தேன். இப்போது வேறு வழியில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், என் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு.

சூசைதாசன் பொறுத்திருந்தான். ஜூனில் றேமண்ட் அவனுக்குப் புதுப் பதிப்பும் கையேடும் அனுப்பினார். அட்டையிலேயே 'நிலையான பதிப்பு' என்று அச்சடித்திருந்தார்கள். போடுவதாகச் சொன்ன அந்த ஒரு வரி எச்சரிக்கையும் உள்ளே இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். "வாங்க வாற ஆக்களுக்கு முன்னால எங்கட குறையை நாங்களே ஏன் சொல்லவேணும்?" என்றார். அட்டையை நம்பி, சூசைதாசன் மக்ரோ போட்ட நிரலை வார்டில் ஓடவிட்டான். அவனுடைய நிரலில் ஒரு நோயாளிக்கு எத்தனை மாத்திரை என்பதற்கு அவன் வைத்த பெயர் 'கவுண்ட்'. நானாக இருந்தாலும் அந்தப் பெயரைத்தான் வைத்திருப்பேன்.

ஒவ்வொரு லேபலாக அடிக்கும்போது, எத்தனை தரம் என்று எண்ணுகிற மக்ரோ அங்கே வேலை செய்யாது, எல்லாம் சரி. அவர்களும் அப்படித்தான் அடித்து வந்தார்கள். பிறகு மின்வெட்டு கூடியது. அந்த ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் சத்திரசிகிச்சை அறைக்கு மட்டும்தான். கரண்ட் போவதற்கு முன் முழு வார்டுக்கும் ஒரே ஓட்டத்தில் அடித்துத் தரச் சொல்லி நேர்ஸ்மார் கேட்டார்கள். அடித்தான். முதல் லேபலில் ஒரு மாத்திரை, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. எத்தனையாவது லேபலோ அத்தனை மாத்திரை. மற்றவற்றில் சிலதை நேர்ஸ்மார் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். நான்காவதை ஒருவரும் பார்க்கவில்லை. அது சீனி வருத்தக்காரருக்கு, இரத்தத்தில் சீனியைக் குறைக்கிற மாத்திரை. ஒன்று குடிக்க வேண்டியவருக்கு நாலு கொடுத்துவிட்டார்கள். அவர் நினைவு தப்பிவிட்டார். குளுக்கோஸ் ஏற்றி எழுப்பி, நாலு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிழைத்துவிட்டார்.

அவர் ஓய்வுபெற்ற இராணுவ மேஜர். அப்போது தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. லேபல் அடித்த நிரலை எழுதியது யார் என்று பார்த்திருக்கிறார்கள். தமிழன். பிறந்த இடம் வடக்கே மன்னார். நாசவேலை என்று பொலிஸ் வந்து அவனை வேலை மேசையிலிருந்தே கூட்டிக்கொண்டு போனது. சிங்களத்தில் எழுதிய ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவனுக்குச் சிங்களம் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது.

றேமண்ட் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். கொம்பைலர் நிலையானது, வெளிநாட்டிலும் விற்பனையாகிறது, பிழை இருந்தால் அது நிரல் எழுதியவருடையது என்று. கந்தோரில் அதை எனக்கு முன்னாலேயே டைப் செய்வித்தார். அந்த மேசையில் இனி நான் எப்படிச் சோறு தின்பது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனிப் போக மாட்டேன்.

சட்டத்தரணி தில்லைநாதனைப் பிடித்திருக்கிறேன். நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "பிள்ளை, நீர் தமிழ், அவன் தமிழ். ரெண்டு பேரும் சேர்ந்து கதை கட்டுகினம் எண்டுதான் சொல்லுவினம். இதைச் செய்த மற்ற ஆள் வெளிநாட்டிலதானே, அதுவும் முஸ்லிம் ஆள். அந்தக் கொம்பனிக் கடிதத்தாளில அவர் எழுதித் தந்தால் நீதவான் பார்ப்பார்," என்றார்.

உண்மைக்கு இப்படி ஒரு சாதகம் பார்க்க வேண்டியிருப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். பிழை கொம்பைலரில் இருக்கிறது, அது உங்களுக்கும் றேமண்டுக்கும் ஜனவரியிலிருந்து தெரியும், இவ்வளவையும் எழுதி ஒப்பமிட்டு அனுப்புங்கள்.

ஜெகதீஸ்வரி


மெல்பேர்ண்,
4 செப்டெம்பர் 1996

ஜெகா,

வாசித்தேன். அந்தப் பெடியனை நினைத்தால் நித்திரை வரவில்லை.

நீங்கள் கேட்பதைச் செய்வது அவ்வளவு லேசில்லை. கொம்பனிக் கடிதத்தாளில் நான் ஒரு வரி எழுதினால், இங்கே வாங்கியவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். என்னை அன்றே அனுப்பிவிடுவார்கள். சட்டத்தரணியிடம் வேறு வழி கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் யாராவது ஒரு பேராசிரியர் கொம்பைலரைப் பார்த்துச் சொல்லலாமே. வெளியாள் சொன்னால் இன்னும் மதிப்பு.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். நான் சொன்ன மூன்று அடிக்கோட்டை ஏப்ரலில் போட்டிருந்தால், அந்த மேஜருடைய லேபல் சரியாகவே வந்திருக்கும். மக்ரோவுக்குள் மக்ரோ என்று நீங்கள் சொன்ன பிரச்சினை அங்கே இல்லை. அழகில்லாத அந்த வேலை போதுமாக இருந்திருக்கும்.

உம்மாவிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம்.

புவாத்


வெள்ளவத்தை,
18 செப்டெம்பர் 1996

புவாத்,

நீங்கள் சொன்னது உண்மை. அடிக்கோட்டைப் போட்டிருந்தால் அந்த மனிதர் விழுந்திருக்க மாட்டார். அருமையான வேலையை முடிக்கும்வரை அசிங்கமான வேலையைத் தொட மாட்டேன் என்று இருந்தேன். என் பங்கு அது. சட்டத்தரணிக்கு அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நேற்றுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சூசைதாசனின் தாய் பிலோமினா, மாதா கோயில் பக்கத்து ஒழுங்கையில் ஒரு அறையும் குசினியுமாக இருக்கிறார். மகனுக்குச் சாப்பாடு கட்டிக் கொண்டுபோய் சிறை வாசலில் கொடுத்துவிட்டு, வெறும் கையோடு திரும்பி வந்திருந்தார். உள்ளே விட்டார்களா, சாப்பிட்டானா, ஒன்றும் தெரியாது.

"பிள்ளை, என்ர மகன் என்ன பிழை விட்டவன்?" என்று கேட்டார்.

"ஒரு பிழையும் விடேல்லை."

"அப்ப ஆர் விட்டது?"

"நான்தான் அம்மா," என்றேன்.

என்னை ஏசுவார் என்று பார்த்தேன்.  அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். நான் குடித்தேன். அந்த வீட்டில் உட்கார்ந்து அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன், புவாத். அதற்குப் பிறகு எனக்கு என் வாயே பிடிக்கவில்லை.

பேராசிரியரைத் தேடச் சொல்கிறீர்கள். இரண்டு பேரிடம் போனேன். ஒருவர் நேரமில்லை என்றார். மற்றவர் வாசல் கதவைத் திறக்காமலே கதைத்தார். பயப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அந்த மக்ரோவை எழுதவில்லை.

இனி உங்களுக்கு எழுத மாட்டேன்.

ஜெ.


மெல்பேர்ண்,
9 ஒக்டோபர் 1996

ஜெகா,

சட்டத்தரணி தில்லைநாதனுக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதம் உங்களுக்கு வருவதற்கு முன் அது அவர் கைக்குப் போய்விடும்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்த பிறகு, நீங்கள் முன்னைய கடிதத்தில் எழுதியதைப் பார்த்து, சூசைதாசனின் நிரலைப் போல ஒன்றை நானே எழுதினேன். பத்து நோயாளிகள், எல்லோருக்கும் ஒரு மாத்திரை. கந்தோரில் மத்தியான இடைவேளையில், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் ஓட்டினேன். எனக்குத் தெரியும் என்ன வரும் என்று. தெரிந்திருந்தும், அச்சு இயந்திரத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அது துப்பத் துப்ப, பத்து வரும்வரை பொறுக்காமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். 

மேலாளரிடம் போய்க் கேட்டேன். கொம்பனிக் கடிதத்தாளில் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று. முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "உன் நாட்டு அரசியலை எங்கள் கடிதத்தாளில் எழுத முடியாது," என்றார். "நான் அரசியல் எழுதவில்லை, நிரலில் ஓர் எண்ணுக்கு வைத்த பெயரை எழுதுகிறேன்," என்றேன். அவருக்கு அது விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். விளங்கியதால்தான் கதவைச் சாத்திவிட்டு, "இதை எழுதினால் நீ இங்கே இருக்க முடியாது," என்று மெல்லிய குரலில் சொன்னார். கேக் வெட்டிய அன்று என் தோளில் கை போட்டவர். இந்த முறையும் அதே மாதிரித் தோளில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னார். அந்த இடத்தை வீட்டுக்கு வந்து தேய்த்துக் குளித்தேன்.

உம்மாவுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். "மகன், தமிழாக்கள்ட சோலிக்கு நாங்க என்னத்துக்குப் போற? ஒங்கட தொழில் போனா தங்கச்சிட கலியாணம் என்ன ஆகிற?" என்று அழுதார்.  "உம்மா, அது நான் எழுதின சாமான்," என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

வெறும் தாளில் எழுதினேன். என் பெயர், என் வேலை, மக்ரோவை நானும் நீங்களும் செய்தது, ஜனவரியில் நீங்கள் எழுதியது, நான் அதைத் தெரிந்துகொண்டு மார்ச்சில் தயார் என்று ஃபெக்ஸ் அனுப்பியது, எல்லாம். இங்கே ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் ஒப்பமிட்டு முத்திரை வாங்கினேன். அன்று பின்னேரமே மேசையை ஒதுக்கச் சொல்லிவிட்டார்கள். லகூனின் பிரதி ஒன்றையும் எடுக்கவிடவில்லை. எடுக்க ஆசையும் இல்லை.

எழுத மாட்டேன் என்று சொன்னீர்கள். எழுதாவிட்டாலும், அவனுக்கு என்ன நடந்தது என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

புவாத்


வெள்ளவத்தை,
12 டிசெம்பர் 1996

அன்புள்ள புவாத்,

சூசைதாசன் வீட்டுக்கு வந்துவிட்டான். வழக்கைத் தள்ளிவிட்டார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வாக்குமூலத்தைத் தில்லைநாதன் கொடுத்த பிறகு நீதவான், நேரில் செய்துகாட்டச் சொன்னார். வீட்டில் இருந்த என் கணினியை நானே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். செக்பொயின்றில் இறக்கி, மூடியைக் கழற்றி, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். ஆமிக்காரப் பெடியன் ஒருவன் உள்ளே இருந்த பச்சைத் தட்டை விரலால் தட்டி, இது வெடிக்குமா என்று சிங்களத்தில் கேட்டான். இல்லை, இது எண்ணும் என்று சொன்னேன். விட்டுவிட்டான்.

நீதிமன்றத்தில் அரசாங்கத் தரப்பு நிபுணர் பக்கத்தில் நின்று பார்த்தார். சூசைதாசனின் நிரலை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஓட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு 'கவுண்ட்' என்ற பெயரை மட்டும் 'டோஸ்' என்று மாற்றி ஓட்டினேன். எல்லோருக்கும் ஒன்று. நிபுணர் தானே ஒருதரம் செய்து பார்த்தார். நேர்மையான மனிதர், பிழை நிரலில் இல்லை, கொம்பைலரில் என்று அங்கேயே சொன்னார். நீதவானுக்கு நம்ப முடியவில்லை. "இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருந்தது, அதுதான் காரணமா?" என்று சிங்களத்தில் கேட்டார். "ஓம், பெயர்தான்," என்றேன். சிங்களச் சனத்தில் யாரோ சிரித்தார்கள். பின் வரிசை வாங்கில் தங்கள் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த தமிழ்ச் சனம் ஒன்றும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். றேமண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கந்தோரில் நான் விட்டுவிட்டு வந்த கணினியில் என் திருத்தம் முக்கால்வாசி முடிந்திருந்தது. மிச்சத்தைப் பெடியன்களை வைத்து முடித்துப் புதுப் பதிப்பு வெளியிட்டிருக்கிறார். ஒருவன் இரகசியமாக எனக்கு ஒரு டிஸ்க் கொண்டுவந்து தந்தான். எல்லா விதமாகவும் சோதித்துப் பார்த்தேன். மக்ரோவுக்குள் மக்ரோ, அதற்குள் மக்ரோ. எங்கேயும் மோதவில்லை. நாங்கள் இருவரும் ஆசைப்பட்டபடியே வந்திருக்கிறது, புவாத். இப்போது அது உண்மையாகவே நிலைத்துவிட்டது. எனக்கு அதைத் தொடவே மனமில்லை. யாரோ வாந்தி எடுத்த இடத்தைக் கழுவிப் பாய் விரித்துத் தந்ததுபோல இருக்கிறது.

நீங்கள் ஜனவரியில் திரும்பி வருவதாக ரபீக்கா சொன்னாள். போய்ப் பார்த்தேன். உங்கள் உம்மா முன்னால் வந்து என்னோடு கதைக்கவில்லை. ஆனால் நான் எழும்பியபோது, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி உள்ளே இருந்து சத்தம் கேட்டது.

கடிதத்தை இதோடு முடித்திருப்பேன். நேற்று நடந்ததை உங்களுக்குத்தான் சொல்ல முடியும்.

பின்னேரம் சூசைதாசன் தாயோடு வந்தான். பாதியாகிப் போய்விட்டான். வலது கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி இருந்தான். என்ன என்று நான் கேட்கவில்லை. தாய் அம்மாவோடு குசினிப் பக்கம் போனார். அவன் என் மேசையில் இருந்த கணினியைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, கோட்டில நீங்க காட்டினதை நான் நிண்ட இடத்தில இருந்து வடிவாப் பாக்க ஏலாமல் போச்சு. ஒருக்காக் காட்டுறீங்களா?" என்றான்.

பழைய பதிப்பைப் போட்டு ஓட்டினேன். பெயரை மாற்றினேன், திரும்ப ஓட்டினேன். விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவன் கையைக் காட்டி மறித்தான்.

"அப்ப நான் செய்யேல்லை."

"இல்லை எண்டுதானே எல்லாருக்கும் காட்டினது."

"அதில்லை அக்கா." பெயர் இருந்த வரியை இடது விரலால் தொட்டான். "நான் செய்தனான் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

"சைன் வைக்கச் சொல்லி அடிச்சவையெல்லோ?"

"ஓம். ஆனா அதுக்காகச் சொல்லேல்லை. திருப்பித் திருப்பிக் கேட்டவை, ஏன் அந்த இடத்தில அந்தப் பெயர் வைச்சனி, ஏன் நாலு. கேக்கக் கேக்க, நான் எழுதின வரி எல்லாம் மனசில மாறிப் போச்சு. வேணுமெண்டு வைச்சது மாதிரியே ஞாபகம் வந்திட்டுது. எந்த நாள், எந்தக் கதிரையில இருந்து செய்தனான் எண்டுகூட வந்திட்டுது. அந்தாளின்ர முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை, ஆனா அவரைக் கொல்ல நினைச்சது ஞாபகம் இருக்கு."

 இத்தனை மாதம் றேமண்டிலும் உங்களிலும் என்னிலும் பட்ட அருவருப்பு எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒருவனுடைய தலைக்குள் போய், அங்கே இருந்ததை அழித்துவிட்டு, தங்களுடையதை வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதற்குத் திருத்தம் எழுத எனக்குத் தெரியாது.

"இன்னொருக்கா ஓட்டுங்கோ," என்றான்.

ஓட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பெயரை அவனையே மாற்றச் சொன்னேன். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். எல்லோருக்கும் ஒன்று. தலையை ஆட்டினான். பழைய பெயரைப் போட்டான், ஓட்டினான். திரும்ப மாற்றினான், ஓட்டினான். நான் கதிரையை விட்டு எழும்பி அவனை அதில் இருக்கச் சொன்னேன்.

தாய் வந்து கதவடியில் நின்றார். "வா மகன், இருட்டமுதல் போகவேணும், வழியில மறிப்பாங்கள்," என்றார். அவன் காதில் அது விழவில்லை. திரையைப் பார்த்தபடி, உதடு அசைய, வந்த எண்களைத் தனக்குத்தானே வாசித்துக்கொண்டிருந்தான். தாய் என்னைப் பார்த்தார். கொஞ்சம் இருக்கட்டும் என்று நான் கையைக் காட்டினேன்.

ஜெகா